பவுனம்மாள் இறங்கிய நாள்

கரி எஞ்சின் போய், டீசல் போய், தலைக்கு மேலே கம்பியில் கரண்டு ஓட ஆரம்பித்த பிறகும் விளாத்தியூர் ரயில்வே காலனியில் மாறாமல் இருந்தது ஒன்றுதான்: தூங்குகிறவனை அங்கே யாரும் பேர் சொல்லி எழுப்ப மாட்டார்கள். பேர் சொன்னால் திடுக்கிட்டு எழுவான், அந்தத் திடுக்கிடல் அவனோடு எஞ்சினில் ஏறிக்கொள்ளும், ஏறியது எந்தச் சிக்னலில் இறங்கும் என்று யாருக்கும் தெரியாது என்பது பெரியவர்கள் பேச்சு. அதனால் வலதுகால் கட்டைவிரலை இரண்டு விரலால் பிடித்து, கொடியிலிருந்து வெற்றிலை கிள்ளுகிற மாதிரி லேசாக அழுத்துவார்கள், எப்பேர்ப்பட்ட கும்பகர்ணனும் கண்ணைத் திறந்து, "எந்த வண்டி?" என்று கேட்பான். எழுப்புகிறவர்கள் எல்லோரும் பெண்கள். அந்தப் பெண்களை எழுப்புவது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை, ஏனென்றால் அவர்கள் தூங்கி யாரும் பார்த்ததில்லை.

அப்படித் தூங்காதவர்களில் தலையானவள் பவுனம்மாள். அவள் அப்பா கீமேன், அதாவது விடியுமுன் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு தண்டவாளத்தின் மேலேயே நடந்து, கழன்ற ஆப்புகளை அடித்து இறுக்கிக்கொண்டு அடுத்த ஸ்டேஷன்வரை போய்த் திரும்புகிறவர். அம்மா தம்பியைப் பெற்றுப்போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டதால், பாவாடை தரையில் புரளும் வயதிலேயே அப்பாவின் கட்டைவிரல் அவள் பொறுப்புக்கு வந்தது. பிறகு தம்பி தண்டவாளம் பழுதுபார்க்கும் கேங்கில் சேர்ந்தான், அவன் விரல் வந்தது. பிறகு கோபால்சாமியைக் கட்டிக்கொண்டாள். அவர் கரி தள்ளும் ஃபயர்மேனாக இருந்து கூட்ஸ் டிரைவராக ஆனவர், எந்த நேரத்தில் கூப்பிடுவார்கள் என்று எந்தச் சாமிக்கும் தெரியாத வேலை, அவர் விரலும் வந்தது. டூட்டிக்குக் கூப்பிட வருகிற கால்மேன் இருதயராஜ் லாந்தரோடு வந்து கம்பால் கதவை ஒரு தட்டுத் தட்டுவார். இரண்டாவது தட்டு விழுவதற்குள் உள்ளேயிருந்து பவுனம்மாளின் இருமல் கேட்கும், கேட்டாச்சு போ என்று அதற்கு அர்த்தம். அந்த வீட்டில் இரண்டாவது தட்டுத் தட்டியதே இல்லை என்று இருதயராஜ் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கோபால்சாமி ரிட்டயர் ஆனால் தூங்கலாம் என்றிருந்தாள். அவர் ரிட்டயர் ஆவதற்குள் மகன் தண்டபாணி வேலையில் சேர்ந்துவிட்டான், அவனும் கூட்ஸ் டிரைவர். கோபால்சாமி செத்தார், கால்மேன் வேலையை எடுத்துவிட்டுப் போனில் கூப்பிட ஆரம்பித்தார்கள், தண்டபாணிக்குக் கல்யாணமாகிக் கோகிலா வந்தாள், தண்டபாணிக்கு மீசை நரைத்தது, அப்போதும் போன் மணி அடித்தால் அது அவன் காதுக்குப் போகாமல் பவுனம்மாள் காதுக்கே போயிற்று. போனால் கால்மேன் வேலையைத்தான் பிடுங்க முடிந்தது, பவுனம்மாத் தாயி வேலையைப் பிடுங்க அதற்கு வக்கில்லை என்று இருதயராஜ் டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார். குழாயடியில் யாராவது, என்ன பவுனக்கா கண்ணு இப்படிச் சிவந்திருக்கு என்று கேட்டால், "செத்தாத்தான்டி எனக்குத் தூக்கம், அதுவரைக்கும் எதுக்கு இப்பவே அவசரம்" என்பாள். பெண்கள் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள், குடத்தைத் தூக்கிக்கொண்டு போவாள்.

ஐப்பசித் தூறலில் ஒரு காலையில் தண்டபாணிக்குக் கேரியரில் தயிர்சாதம் அடைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் எழவில்லை. கோகிலா முதலில் அத்தை கண்ணசந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டாள். அப்புறம்தான் அது அதில்லை என்று தெரிந்தது.

பாஸ் எடுத்துக்கொண்டு எல்லா ஜங்ஷனிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ரயில்வே டாக்டர் வந்து நாடி பார்த்து, போய்விட்டது என்றார். குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் காசு வைத்து, வாய்க்கட்டுக் கட்டி, முன்ரூமில் சன்னலோரம் கிடந்த பெஞ்சில் கிடத்தினார்கள். வெளியே சங்கும் பறையும் தயாராக இருந்தன, மூங்கில் பாடை கட்டியாகிவிட்டது. இனிக் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டவேண்டும், மகன்தான் கட்டவேண்டும் என்றார்கள். தண்டபாணி கொச்சக்கயிற்றை எடுத்துக்கொண்டு குனிந்து, அழுதுகொண்டே, வேறெப்படித் தொடுவது என்று தெரியாமல், அந்த வீட்டில் கட்டைவிரலை எப்படித் தொடுவார்களோ அப்படியே இரண்டு விரலால் பிடித்து லேசாக அழுத்தினான்.

பவுனம்மாள் கண்ணைத் திறந்தாள். அந்த விரலை அவள் ஆயுசில் யாரும் அப்படித் தொட்டதில்லை, தொடவேண்டி வந்ததில்லை. வாய்க்கட்டு இறுக்கமாக இருந்ததால் குரல் முனகலாகத்தான் வந்தது, அதை அவிழ்த்து, அந்தத் துணியாலேயே கூந்தலை முடிந்துகொண்டு, "யாருக்கு டூட்டி?" என்றாள்.

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். அவள் நெற்றிக்காசோடு அடுப்படிக்குப் போனாள். கோகிலா பின்னாலேயே போய், எப்படிச் சொல்வது என்று தவித்து, மெதுவாகச் சொன்னாள்.

"அத்தை, நீங்க செத்துட்டீங்க."

"தெரியுது. பால் பொங்குது பாரு, எறக்கு."

துக்கத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள். அழுது தொண்டை கட்டியவர்களுக்குச் சுக்குக் கூடுதலாகத் தட்டிப்போட்டாள். கேரியரை அடைத்து மகன் கையில் திணித்து, கிளம்பு என்றாள். டூட்டி எதுவும் இல்லாத தண்டபாணி என்ன செய்வதென்று தெரியாமல் கேரியரோடு தெருமுனைவரை நடந்தான். அவன் தலை முனையில் மறைந்ததும் அவள் பெஞ்சுக்கு வந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு படுத்து, மறுபடி செத்துப்போனாள். டாக்டர் மறுபடி நாடி பார்த்தார். முதலில் சொன்னதைத்தான் இப்போதும் சொல்ல முடியும் என்று சொல்லிவிட்டு, மிச்சக் காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் பலவிதமாகப் பார்த்துவிட்டார்கள். இடதுகால் விரலில் முதலில் முடிச்சுப் போட்டுப் பார்த்தார்கள், வலதுகாலைத் தொட்டதும் எழுந்தாள். தொடாமல் கட்டலாம் என்று பக்கத்துவீட்டு ரயில் கார்டின் பெண்சாதி பிலோமினா குச்சியில் சுருக்குப் போட்டு, கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பக்குவத்தில் நீட்டினாள். கயிறு பட்டதற்கும் எழுந்து, யாருக்கு டூட்டி என்று கேட்டாள். கட்டாமலே கொண்டுபோகலாம் என்றால் சுடுகாட்டு மாடசாமி ஒத்துக்கொள்ளவில்லை. கட்டாத காலு நடக்கும், அதுவும் இது எல்லா வீட்டுக்கும் வழி தெரிஞ்ச காலு, நான் விறகு அடுக்கிவைப்பேன், அது எழுந்து உங்களுக்குக் காபி போட வந்துவிடும் என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. பாஸ் தேதி முடிந்துவிடும் என்று சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பறைக்காரர்கள் பறையைத் துணியில் சுற்றினார்கள். பாடை மூங்கிலை பிலோமினா எடுத்துப்போய் வாசலில் அவரைப் பந்தல் போட்டுக்கொண்டாள்.

அந்த வாரம் பவுனம்மாளின் பெஞ்சைச் சுற்றிக் காலனி தயங்கித் தயங்கி நடந்தது, அடுத்த வாரம் சாதாரணமாக நடந்தது. அவளிடம் கெட்ட வாசனை எதுவும் வரவில்லை; நீராவி அடங்கி ஷெட்டில் நிற்கிற எஞ்சின் பக்கத்தில் வருமே, அந்த ஆறின இரும்பு வாசனைதான் வந்தது. பிள்ளைகள் அவள் காலடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினார்கள். எந்திரிச்சா டம்ளரை அலம்பிவைக்கச் சொல்லும், விரலைத் தொட்டுறாதே என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள்.

மூன்றாம் வரிசையில் முரளீதரன் என்று ஒரு அசிஸ்டென்ட் டிரைவர் இருந்தான், பெண்சாதி பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள், எழுப்ப ஆளில்லாமல் இரண்டு தடவை டூட்டி தவறிவிட்டான், இன்னொரு தடவை தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவன் ஒரு மாலையில் தயங்கித் தயங்கி வந்து தண்டபாணியைப் பார்த்துவிட்டு, பவுனம்மாள் விரலைத் தொட்டு, நாளைக்கு முதல் பாசஞ்சர் எனக்குப் பெரியம்மா, வீடு தெரியும்தானே என்றான். தெரியாமலா, அந்த வீட்டில உனக்கு முந்தி இருந்தவங்க காலத்திலேயே தெரியும் என்றாள் பவுனம்மாள். மறுநாள் அவன் கட்டைவிரலில் ஈரமாக, சில்லென்று, லேசாக ஒரு அழுத்தம் விழுந்தது. அவன் எந்த வண்டி என்று கேட்டான். அவள் சொன்னாள். அவன் போனான்.

அதற்கப்புறம் யார் முதலில், யார் அடுத்தது என்று சொல்ல முடியாது. பொழுது சாய்ந்தால் கோகிலா வீட்டு வாசலில் பெண்கள் வந்து நிற்பார்கள், பெஞ்சருகில் போய் விரலைத் தொடுவார்கள், வீட்டையும் வண்டியையும் சொல்வார்கள், ஒருத்தி கொஞ்சம் பூ வைத்துவிட்டுப் போவாள், ஒருத்தி வெற்றிலை. பவுனம்மாள் எல்லாவற்றையும் மனசில் வாங்கிக்கொண்டு, சுவர் சுவராகப் பிடித்துக்கொண்டு, முதல் வரிசை தொடங்கிக் கடைசி வரிசைவரை போய் ஒவ்வொரு ஆணின் விரலாகத் தொட்டுவிட்டு வருவாள். விளாத்தியூரில் வண்டிகள் நேரத்துக்குக் கிளம்பின. மேலிடத்தில் அதற்குப் பாராட்டுச் சொன்னதாகக்கூடப் பேச்சு.

ஆனால் காலனிக்கு நடந்த பெரிய காரியம் அதில்லை. பெண்கள் தூங்கினார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு காதைத் திறந்துவைத்தே படுத்தவர்கள், மாமியார் செத்தபோதும் பிள்ளை பெற்றபோதும் ஒரு கண்ணை மூடாதவர்கள், தலையணையில் எச்சில் வழியத் தூங்கினார்கள். பிலோமினா கனவு கண்டாள். கனவு என்றால் இதுதானா என்று குழாயடியில் நாலு பேரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டாள். கரி எஞ்சின் போய் எத்தனையோ காலம் கழிந்தும் அவர்கள் கண்ணுக்குக் கீழே தங்கியிருந்த கரி, அந்தக் கார்த்திகையில்தான் முதன்முறையாக வெளுத்தது. கோகிலாவும் தூங்கினாள். காலையில் சூரியன் முகத்தில் அடித்து எழுந்திருப்பது என்றால் என்ன என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. எழுந்தால், நெற்றிக்காசு கண்புருவம்வரை நழுவியிருக்க, அத்தை அடுப்பை மூட்டிக்கொண்டிருப்பாள்.

தை பிறந்தபோது பவுனம்மாளுக்குப் பெஞ்சில் வந்து படுத்துச் சாவதற்கே அவகாசமில்லாமல் போயிற்று. படுப்பாள், கண் மூடும், உயிர் இன்னும் முழுதாகப் போயிருக்காது, அதற்குள் இன்னொருத்தி வந்து விரலைத் தொடுவாள். உள்ளங்காலில் பூசிய மஞ்சள் தேய்ந்து, தோல் தேய்ந்து, தண்டவாளம் மாதிரி ஒரு பளபளப்பு வந்திருந்தது. ஒருநாள் பட்டப்பகலில் பிலோமினா வீட்டு அவரைப் பந்தலைப் பிடித்துக்கொண்டு நின்றாள், யாரை எழுப்ப வந்தோம் என்று மறந்துவிட்டது. கோகிலா போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். அந்தக் கை, காலி எண்ணெய் டின்னைத் தூக்கினமாதிரி கனமே இல்லாமல் இருந்தது. பெஞ்சில் உட்காரவைத்தபோது பவுனம்மாள் மருமகளை நிமிர்ந்து பார்த்து, ஒரு குறையும் சொல்லாத குரலில் கேட்டாள்.

"ஏன்டி கோகிலா, செத்தாத் தூக்கம் வரும்னாங்களே, அது எந்த வண்டில வருது?"

கோகிலா அன்று மாலை கதவைச் சாத்திக்கொண்டாள். பெண்கள் தட்டினார்கள், சன்னலில் வந்து கூப்பிட்டார்கள், பிறகு சத்தம் போட்டார்கள். வேப்பமரத்தடியில் காலனி கூடியது. என் புருஷனுக்குக் காலையில் எக்ஸ்பிரஸ், பொறுப்பு யாருது என்று ஒருத்தி கேட்டாள். பவுனக்கா உனக்கு மட்டும் மாமியாரில்லை, காலனிக்கே தாய் என்று இன்னொருத்தி. பிலோமினா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இத்தனை நாள் நீ மட்டும் கொட்டக் கொட்ட முழிச்சா கெடந்தே, நீயும் தூங்கலையா என்று கேட்டாள்.

"தூங்கினேன் அக்கா," என்றாள் கோகிலா. "தூங்கி எந்திரிச்சவ கண்ணுக்குத்தான் அவங்க தூங்காதது தெரியுது."

ஒவ்வொருத்தியும் தான் தூங்கிய தூக்கத்தை மனசுக்குள் ஒருதரம் திருப்பிப் பார்த்துக்கொண்ட மாதிரி இருந்தது. அப்புறம் இருதயராஜ்தான் பேசினார். ரயில்வேயில் யாரும் சும்மா டூட்டியை விட்டு இறங்க முடியாது, செத்தாலும் முடியாது, மாற்று ஆள் எதிரே வந்து நின்று நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாயால் சொன்னால்தான் இறங்கலாம். தாயிக்கு அப்பாவிலிருந்து மகன்வரை அந்த ஆள் வரவே இல்லை, அதுதான் விஷயம் என்றார். சொல்லிவிட்டு கோகிலாவைப் பார்த்தார். எல்லோரும் கோகிலாவைப் பார்த்தார்கள். மருமகள் ஒரு வார்த்தை சொன்னால் அத்தை போய்ச் சேர்ந்துவிடுவாள், பிறகு அந்தக் கண், அந்தக் காது, அந்தச் சிவப்பு எல்லாம் கோகிலாவுக்கு வந்துவிடும், அவ்வளவுதான் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. எத்தனையோ வீட்டில் அது அப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது.

கோகிலா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நான் சொல்ல மாட்டேன். அத்தை யாரை எழுப்பினாங்களோ, அவங்க சொல்லட்டும்."

தண்டபாணி கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தான். நல்லவன்தான், தூக்கத்தில் இருக்கும்போது தவிர எப்போதும் வேலை செய்கிறவன். அன்றைக்கே அம்மாவின் விரலைத் தொட்டு, இனிமே நானே எந்திரிச்சுக்கிறேன்மா, நீ போ என்றான். பவுனம்மாள் அவன் கன்னத்தைத் தடவி, சரிப்பா என்று சொல்லிவிட்டு, உலைக்குத் தண்ணீர் வைக்கப் போனாள். அவள் நம்பவில்லை. அவன் போனை எடுத்துத் தலைமாட்டில் வைத்தான், பித்தளைக் குடத்துக்குள் போட்டு மணி அதிரும்படி வைத்தான், தண்ணீர் குடித்துக் குடித்துப் படுத்தான். எப்போது கண்ணைத் திறந்தாலும் கட்டைவிரலில் அந்தச் சில்லென்ற கை இருந்தது. செத்தவளை முந்திக்கொண்டு எழ அவனால் முடியவில்லை. அம்மாவுக்கு முன்னால் எழ முடியாது என்றால், தூங்காமலே இருப்பதுதான் வழி என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

தோன்றவைத்தது ஒரு பாய். நெடுந்தூரம் கூட்ஸ் ஓட்டிவிட்டு, நடுக்காட்டிலெல்லாம் நிறுத்திவைத்து, கண்ணில் சிமெண்டுத் தூசி அப்பி, தண்டபாணி ஒரு முற்பகலில் வீட்டுக்கு வந்தான். கோகிலா வழக்கம்போலப் பாயை விரித்தாள். விரித்துவிட்டு ஒரு நிமிஷம் அதைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள், பிறகு பாயைச் சுருட்டிச் சுவரில் சாத்தினாள்.

தண்டபாணி நின்றபடியே அந்தப் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முகம் கழுவினான். அடுப்படிக்குள் போனான். எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் டப்பாக்களைத் திறந்து திறந்து மூடுகிற சத்தம் கேட்டது, பால் பொங்கி வழிந்து கருகுகிற வாசனை வந்தது, கோகிலா எழுந்து போகவில்லை. கடைசியில் ஒரு டம்ளர் காபியோடு வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தான். விஷயம் தெரிந்து ஒவ்வொருவராக வந்து சன்னலுக்கு வெளியே நின்றார்கள், டூட்டி முடிந்தவர்கள் அழுக்கு உடுப்போடு, டூட்டிக்குப் போகிறவர்கள் கேரியரோடு, பெண்கள் இடுப்புப் பிள்ளையோடு. தண்டபாணியின் தலை சாய்ந்தது. யாரும் தொடவில்லை. மறுபடி நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. கோகிலா தன் கையைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் முறை சாய்ந்தபோது அவன் குனிந்து, தன் வலதுகால் கட்டைவிரலைத் தானே பிடித்து அழுத்திக்கொண்டான். அழுத்தியபடியே உட்கார்ந்திருந்தான். காபி ஆறி ஆடை கட்டியது. பெஞ்சில் அவளுடைய உயிர், வெகு நாளைக்குப் பிறகு அவகாசம் கிடைத்து, முழுசாக அடங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, அம்மாவின் விரலைத் தொட்டான்.

"யாருக்கு டூட்டி?"

"யாருக்கும் இல்லம்மா. எல்லாரும் முழிச்சாச்சு."

அவள் சன்னலைப் பார்த்தாள். தான் எழுப்பிய முகங்கள் அத்தனையும் அங்கே கண்ணைத் திறந்துகொண்டு நின்றன. காபியை வாங்கி ஒரு வாய் குடித்தாள். டிகாஷனா இது, எஞ்சின் தண்ணி மாதிரி இருக்கு என்றாள். இன்னொரு வாயும் குடித்தாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மகன் முகத்தைக் கிட்டத்தில் இழுத்து, அந்தச் சிவந்த கண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் கண்ணைத்தான் அங்கே பார்த்தாள் என்று சொல்வோரும் உண்டு.

"நெசமா முழிச்சிருக்கியா?"

"முழிச்சிருக்கேன். நான் பார்த்துக்கறேன்."

"அப்போ நான் எறங்கறேன்," என்றாள் பவுனம்மாள்.

படுத்துக்கொண்டாள். கூந்தலை முடிந்திருந்த வாய்க்கட்டுத் துணியை அவிழ்த்து மருமகளிடம் நீட்டினாள். வலதுகாலை இடதுகாலோடு தானே சேர்த்து வைத்துக்கொண்டாள். தண்டபாணி கட்டினான். முடிச்சு இறுகியபோது அவள் கண்ணைத் திறக்கவில்லை.

பிலோமினா போய்ப் பந்தலைப் பிரித்தாள். கொடியை அறுத்துச் சுத்தம் பண்ண நேரமில்லாததால் பாடை மூங்கிலில் அவரைக்கொடி சுற்றியபடியே இருந்தது, ஊதாப் பூக்களோடும் நாலைந்து பிஞ்சோடும் பவுனம்மாள் போனாள். மாடசாமி முடிச்சை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். திரும்பி வந்து குளித்ததும் காலனியில் ஆணும் பெண்ணுமாக எல்லோரும் அப்படியே சாய்ந்தார்கள். அவுட்டர் சிக்னலில் வந்து நின்ற ஒரு பாசஞ்சர் கொஞ்சநேரம் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, பிறகு விஷயம் தெரிந்ததுபோலச் சும்மா நின்றது. இறங்கி வந்த சில பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டு, நிழல் நன்றாக இருந்ததால் அவர்களும் தூங்கினார்கள்.

சாயங்காலம் தண்டபாணியின் போன் அடித்தது. பக்கத்துப் பாயில் படுத்திருந்த கோகிலா முதல் மணியிலேயே முழித்துக்கொண்டாள். கண்ணைத் திறக்கவில்லை. கை தானாக அவன் காலை நோக்கிப் போனது, அதை மறுகையால் பிடித்து நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டாள். மணி நின்றது. மறுபடி அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பிலோமினாவும் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருப்பது கோகிலாவுக்குத் தெரிந்தது, வரிசை வரிசையாக எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்றும் தெரிந்தது. மூன்றாவது முறை அடித்து, நிற்கப்போகிற நேரத்தில், பாய் சரசரத்தது. போனில் அவன் குரல், எந்த வண்டி என்று கேட்டது. டப்பாக்கள் திறந்து மூடின. கொஞ்ச நேரத்தில் பால் பொங்கி அடுப்பில் வழிகிற வாசனை வந்தது.

எழுந்துபோய் இறக்கிவிடலாமா என்று நினைத்துக்கொண்டே, கோகிலா வலதுகாலை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.